யூரியா வாளியும் பதினோரு நிமிடமும்

பக்கத்து வீட்டு அக்காவின் பசு பிழைத்துக்கொண்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசு என்ன ஆயிற்று என்ற பதற்றத்திலேயே படித்துக்கொண்டு போனால், நான் செய்ததை யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். ஊரில் நடந்ததும் அதுதான்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பிறந்தது நாஞ்சில் நாட்டில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஊர். வாழ்க்கைப்பட்டு வந்தது திருவட்டாறுக்குப் பக்கத்தில், மேடும் சரிவுமான ரப்பர் பூமிக்கு. வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் நான் ‘தண்ணி’ என்று சொன்னால் இங்குள்ளவர்கள் ‘வெள்ளமா டீச்சர்?’ என்று திருப்பிக் கேட்டுச் சிரிப்பார்கள். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு அறுபது சென்ட் ரப்பர்த் தோட்டம் இருந்தது. இங்கே விளை என்பார்கள். மரங்களுக்கு வயதாகிப் பால் குறைந்துவிட்டதால், போன வருஷம் மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் முறிக்கக் கொடுத்தோம்.

மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜேசிபி இறங்க வழியில்லாத சரிவு அது. அதனால் எழுபத்துச் சொச்சம் அடிமரக் குற்றிகளும் மண்ணிலேயே நின்றன. புதிய கன்று வைக்க வேண்டும். என் கவலையெல்லாம் அந்தக் குற்றிகள்தான். கீழ்மூலையில் நாலு மரங்கள் முன்பே வேர்நோய் வந்து பட்டுப்போயிருந்தன. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் வேரின்மேல் பஞ்சு நூலை ஒட்டவைத்தது போல வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கும். வெட்டிய குற்றியில் அது குடியேறி, உள்ளே இறங்கி, பக்கத்தில் வைக்கும் கன்றின் வேரையும் பிடித்துக்கொள்ளும் என்று வெட்டுக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். அவன் குளிர்நாடு ஒன்றில் காட்டு மரம் வெட்டும் கம்பெனியில் பெரிய இயந்திரம் ஓட்டுகிறான். நான் குற்றிகளைப் பற்றிப் புலம்பினேன்.

“ஏட்டி, இதுக்கா இவ்வளவு பெகளம்?” என்றான். “இங்க மரத்த வெட்டின உடனே குற்றி மேல யூரியாவக் கலக்கி அடிப்போம். பூஞ்சை ஏறாது. மெஷின்லயே அதுக்கு ஒரு டேங்க் உண்டும்.”

“யூரியாவா? நம்ம வயலுக்குப் போடுத யூரியாவா?”

“அதே சாதனம்தான். நீலச் சாயம் கலந்திருக்கும். எந்தக் குற்றிக்கு அடிச்சாச்சு, எதுக்கு அடிக்கல்லன்னு தெரியாண்டாமா?”

அந்த யூரியா வரும் டப்பாவில் ஒட்டியிருந்த தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பத்து லிட்டருக்கு இரண்டு கிலோ என்ற அளவைப் பார்த்ததும் மனதில் குறித்துக்கொண்டேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் நிறைய இருந்தது. பிறகு படித்துக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டேன்.

எனக்கு இது பெரிய உற்சாகமாக இருந்தது. வெட்டிய மரத்தின்மேல் படும் யூரியா சிதைந்து அமோனியா ஆகும். காரத்தன்மை ஏறும். பூஞ்சையின் வித்து அதில் முளைக்காது. நான் வருஷம் தோறும் பதினொன்றாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப்போடும் சமன்பாடு என் விளையிலேயே வேலை செய்யப்போகிறது. ஊசியிலை மரத்துக்குச் சொன்ன முறை ரப்பருக்குச் சரிவருமா என்று எனக்குத் தெரியாது. ரப்பருக்கு வேறு மருந்துகள் சொல்கிறார்கள். இருந்தாலும், செய்து பார்த்தால் என்ன கெட்டுப்போகும்? யூரியாதானே. சிறுவயதில் எங்கள் வீட்டில் உப்புக்கு அடுத்தபடியாகக் கையில் அள்ளப்பட்டது அதுதான். மடியில் கட்டிக்கொண்டு வயலில் வீசிவிட்டு, அந்தக் கையை வாய்க்காலில் அலசிவிட்டுச் சோறு சாப்பிட்டிருக்கிறோம். பூச்சிமருந்து டப்பாவில் இருப்பது போல மண்டையோட்டுப் படம் யூரியாச் சாக்கில் கிடையாது.

வாழைக்கு வாங்கியதில் பாதிச் சாக்கு, பின்னால் இருந்த கொட்டகையான ஓலைப்புரையில் கிடந்தது. இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவி எடுத்து, அளந்து கலக்கினேன். கலக்கும்போது வாளி கையைச் சில்லென்று பிடித்தது. வேப்பெண்ணெய் பூசிய யூரியா, அந்த வாடை லேசாக வந்தது. நீலச் சாயத்துக்கு எங்கே போவது? சாக்பீஸ் இருக்கிறதே. பூசிய குற்றிகளின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போயிற்று.

மூன்று நாள், பள்ளி விட்டு வந்த பிறகு, பழைய பிரஷ்ஷால் பூசினேன். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றாள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தனியாக இருக்கிறாள். விடியும் முன் மூன்று விளைகளில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, பகலில் ஒரு பசுவைப் பார்த்துக்கொண்டு, எட்டு வீடுகளுக்குப் பால் ஊற்றுவாள். எங்கள் வீடு அதில் முதல் வீடு. மரம் முறித்த பிறகு வெயில் விழுந்து விளையில் புல் நன்றாக முளைத்திருந்தது. பசுவை அங்கே கட்டிக்கொள்ளச் சொல்லி நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

“அது எந்த மருந்து டீச்சரே?”

“யூரியா அக்கா. பூஞ்சை வராம இருக்கதுக்கு.”

“பசு வந்து குற்றிய நக்கினா ஒண்ணும் செய்யாதில்லியா?”

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்பது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. வகுப்பில் எளிய கேள்வி கேட்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பேனே, அந்தச் சிரிப்பு. “இது விஷமில்ல அக்கா. நம்ம மூத்திரத்துல இருக்கதுதான். பசு மூத்திரத்துலயும் உண்டும்” என்றேன்.

அவளும் சிரித்தாள். “படிச்சவங்க சொன்னா செரிதான்” என்று போய்விட்டாள்.

குற்றி நக்குவதைப் பற்றி அவள் கேட்டாள். நானும் குற்றியைப் பற்றித்தான் நினைத்தேன். வாளியைப் பற்றி இருவருமே நினைக்கவில்லை. அவள் நினைக்க வேண்டியதும் இல்லை. நினைக்க வேண்டியவள் நான்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மேல்வரம்பின் கடைசிக் குற்றிகளுக்குப் பூசிக்கொண்டிருக்கும்போது மழை வந்துவிட்டது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வாளியில் இன்னும் கால்பங்கு மிச்சம் இருந்தது. அப்படியே குற்றியோரம் வைத்துவிட்டு ஓடினேன். மூடி புரையில் இருந்தது. மழை விட்டதும் போய் எடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். மழை விட்டபோது தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு மறந்தே போனேன்.

சனிக்கிழமை பத்து மணி இருக்கும். வெயில் சுள்ளென்று அடித்தது. மீன்காரர் கொண்டுவந்த சாளையைக் கழுவிக்கொண்டிருந்தேன். விளையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

“டீச்சரே! ஒண்ணு ஓடி வாருங்க! பசு கெடந்து வெறைக்குது!”

மீன் கையோடு ஓடினேன். பசு நின்றுகொண்டிருந்தது. ஆனால் அது நிற்பது போல இல்லை. நாலு காலும் அகன்று, உடம்பு முழுவதும் தோலுக்கு அடியில் ஏதோ ஓடுவது போலத் துடித்தது. காதுகள் வெட்டி வெட்டி இழுத்தன. பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. வாயிலிருந்து நுரை நூலாக இறங்கியது. இடது வயிறு மெல்ல ஊதிக்கொண்டு வந்தது. பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொண்டது.

“மரச்சீனி எலையத் தின்னிருக்கும்” என்றாள் அக்கா. எங்கள் வேலிக்கு அப்பால் மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கிய இடத்தில் தண்டும் இலையும் குவிந்து கிடந்தன. கயிறு எட்டும் தூரம்தான். இங்கே மாடு இப்படித் துடித்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். வாடிய மரச்சீனி இலை மாட்டைக் கொன்றுவிடும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த நொடி, பசுவின் வயிற்றுக்கு அந்தப் பக்கம் என் பெயிண்ட் வாளி சாய்ந்து கிடப்பதைப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. கீழே மண் ஈரமாக இருந்தது. எவ்வளவு பசுவின் வயிற்றுக்குள் போயிற்று, எவ்வளவு மண்ணுக்குள் போயிற்று என்று சொல்ல வழியே இல்லை. இரவு மழை வாளியில் விழுந்து கரைசலை நீர்க்க வைத்திருக்கும். பார்ப்பதற்குப் பச்சைத் தண்ணீர் போலத்தான் இருந்திருக்கும். வெயிலில் தாகமெடுத்த பசு தண்ணீர் என்று நினைத்துத்தான் தலையை உள்ளே விட்டிருக்கும்.

அக்கா கால்நடை டாக்டரைக் கூப்பிட்டாள். “மரச்சீனி எலையத் தின்னுட்டு டாக்டரே, பசு வெறைச்சிட்டு நிக்குது, எப்பிடியாம் ஒண்ணு வேகம் வாருங்க” என்று அழுதாள். டாக்டர் வேறொரு ஊரில் ஒரு பசுவுக்குக் கன்று எடுத்துக்கொண்டிருந்தார். மரச்சீனி விஷத்துக்கான ஊசி கையில் இருக்கிறது, முக்கால் மணிக்கூறில் வந்துவிடுகிறேன் என்றார். போனை வைத்துவிட்டு அக்கா பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் என்ன செய்தேன்?

நின்றேன். இதை எத்தனையோ விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதிர்ச்சியில் நின்றேன் என்று சொல்லிப் பார்த்தேன். மரச்சீனியாகவும் இருக்கலாமே, உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று நின்றேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் உண்மையல்ல. எனக்குத் தெரிந்துவிட்டது. அசைபோடும் மிருகத்தின் முதல் வயிற்றில் யூரியா நிமிஷக் கணக்கில் அமோனியா ஆகும், அமோனியா இரத்தத்தில் ஏறும், இப்படித் துடிக்க வைக்கும் என்பதை வேதியியல் படித்த மூளை உடனே கணக்குப் போட்டுவிட்டது. நம் மூத்திரத்தில் இருப்பதுதான். ஆனால் நம் வயிற்றில் நடக்காதது பசுவின் வயிற்றில் நடக்கும். இதை நான் முந்தாநாள் யோசிக்கவில்லை. நான் நின்றதற்குக் காரணம், வாயைத் திறந்தால் ‘இது விஷமில்ல அக்கா’ என்று சிரித்தவள் நான்தான் என்பது வெளியே வரும். அவ்வளவுதான்.

நின்றது மட்டுமல்ல. காலால் வாளியைப் புல்லுக்குள் கொஞ்சம் தள்ளினேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

பசுவின் முன்னங்கால்கள் மடிந்தன. அது மண்டியிட்டு, பிறகு எழுந்துகொள்ளப் பார்த்து, திரும்பவும் மண்டியிட்டது. அக்கா அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, “மக்களே, எழும்பு மக்களே” என்று பெற்ற பிள்ளையிடம் சொல்வது போலச் சொன்னாள். பசுவின் கண் மிரண்டு என் பக்கம் திரும்பியது. அது என்னைப் பார்த்தது என்று கதை சொல்லமாட்டேன். அது எதையும் பார்க்கும் நிலையில் இல்லை. அக்காவின் அந்தக் குரல்தான் என்னை அசைத்தது.

அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

“டாக்டர், நான் பக்கத்து வீட்டு டீச்சர் பேசுகேன். மரச்சீனி இல்ல. யூரியா. நான் கலக்கி வச்சிருந்த யூரியா வெள்ளத்தக் குடிச்சிருக்கு.”

டாக்டர் சின்ன வயதுப் பெண். கேள்விகள் படபடவென்று வந்தன. “எவ்வளவு குடிச்சுது? எவ்வளவு நேரமாச்சு? நிக்குதா, கிடக்குதா? தொண்டையில விழுங்குதா?”

“எவ்வளவுன்னு தெரியாது. அரை மணிக்கூறுக்குள்ளதான் இருக்கும். முட்டு மடக்கிட்டு நிக்குது. விழுங்குது.”

“வினாகிரி இருக்கா வீட்டுல? ஊறுகாய்க்கு ஊத்துத வினாகிரி. எவ்வளவு கெடைச்சாலும் எடுங்க, நாலு லிட்டராவது வேணும். நல்ல குளுந்த வெள்ளமும் வேணும். தலைய ரொம்பத் தூக்காண்டாம், மெதுவா, கடைவாய் வழியா, விழுங்க விழுங்க ஊத்துங்க. இருமினா உடனே நிறுத்தணும். பசு சாஞ்சிட்டுன்னா ஊத்தவே கூடாது, நான் வந்து டியூப் விடுகேன். இந்த நிமிஷமே புறப்படுகேன்.”

போனை அக்காவிடம் கொடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். “வினாகிரி எனக்க வீட்டுல அரைக்குப்பி காணும்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நானும் ஓடினேன். என் வீட்டில் ஒரு குப்பி இருந்தது. ஃப்ரிட்ஜில் இருந்த தண்ணீரையெல்லாம் எடுத்து வெளியே வைத்துவிட்டு, ரோட்டுக்கு ஏறிக் கடைக்குப் போனேன். அங்கே மூன்று குப்பி. அடுத்த கடையில் இரண்டு. வழியில் ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நான விருந்துக்காக இறைச்சி ஊறவைக்க வாங்கி வைத்திருந்தார்கள். என்ன ஏது என்று கேட்காமல் இரண்டு குப்பியைத் தூக்கிக் கொடுத்தார்கள். கடைக்காரர் தன் பைக்கில் என்னை உட்கார வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். முந்தானையில் சாளை வாடை. கையெல்லாம் செதில். அதைக் கழுவிக்கொள்ளக்கூட எனக்கு நேரம் இல்லை.

கடைக்காரர் பசுவின் தலையைப் பிடித்துக்கொண்டார். அக்கா கழுத்து நீளமான குப்பியால் கடைவாயில் ஊற்றினாள். பாதி வெளியே வழிந்தது. விளை முழுவதும் ஊறுகாய் வாடை அடித்தது. நான் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு மிடறும் தொண்டையில் இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்ததை நீட்டினேன். அமோனியாவை அமிலம் பிடித்துவைக்கும். குளிர்ந்த தண்ணீர் யூரியா சிதைவதை மெதுவாக்கும். எனக்குக் காரணம் எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்ததால் ஒரு பயனும் இல்லை. நான் சொல்லாமல் நின்ற அந்த நேரத்தையே மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

டாக்டர் முக்கால் மணிக்கூறு சொன்னவர் அரை மணிக்கூறுக்குள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வாய்வழியாக நீளக் குழாயை உள்ளே விட்டு வாயுவை வெளியேற்றினார். மிச்சமிருந்த வினாகிரியும் குடம் குடமாகக் குளிர்ந்த தண்ணீரும் அந்தக் குழாய் வழியாகப் போயின. ஊசிகளும் போட்டார். ஒரு மணி வாக்கில் துடிப்பு குறைந்தது. மூன்று மணிக்குப் பசு தானாக எழுந்து, சாணி போட்டு, நாக்கை நீட்டி மூக்கை நக்கியது. அக்கா மண்ணில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். இரண்டு நாளைக்குப் பாலை யாருக்கும் ஊற்ற வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

புறப்படும்போது நான் ரோடு வரை அவர் கூடப் போனேன். “டாக்டர், பத்து நிமிஷம் பிந்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?” என்று கேட்டேன்.

“அத யாரும் சொல்ல முடியாது டீச்சர். சில மாடு அரை மணிக்கூறுல போயிரும். நான் மரச்சீனின்னு நெனச்சு வந்து ஊசி போட்டுட்டு நின்னிருந்தா, வினாகிரி தேடுததுக்குள்ள நேரம் போயிருக்கும். நீங்க சொன்னது நல்லதாச்சு.”

பிறகு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, “யூரியா மூட்டை கிழிஞ்சு கிடந்து மாடு நக்கிச் செத்தது, யூரியா கலக்கின அண்டாவுல ஆடு வாய் வச்சது, எல்லாம் பாத்திருக்கேன். பூச்சிமருந்துன்னா எல்லாரும் பூட்டி வைப்பாங்க. இத மட்டும் வைக்கமாட்டாங்க” என்றார்.

அன்று மாலை அண்ணனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவன் முதலில் கேட்டதே, “சாயம் போட்டியா?” என்பதுதான். இல்லை என்றேன். “ஏட்டி, அந்தத் தாள்ல கீழ என்ன எழுதியிருக்குன்னு பாக்கல்லியா? ஆடு மாடு கிட்ட வரப்பிடாது, மிச்சத்த மூடி வைக்கணும், பாத்திரத்தக் கழுவணும், எல்லாம் போட்டிருக்கே” என்றான். போனில் அந்தப் படத்தை எடுத்து விரலால் பெரிதாக்கிப் படித்தேன். எல்லாம் இருந்தது. ஒவ்வொரு வரியும் சாதாரண வரி. ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளிடம் தொண்டை கிழியச் சொல்லும் அதே வரிகள்.

எட்டு வீடுகளுக்கு இரண்டு நாள் பால் போகாததால் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்தது. ஆனால் தெரிந்த விதம் வேறு. வாளியை வைத்தது நான் என்பதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மழையில் மறந்து போவது யாருக்கும் நடக்கும் என்றார்கள். “டீச்சருக்கு விவரம் தெரிஞ்சதுனால மாடு பிழைச்சுது. வேற யாராவது நின்னிருந்தா மரச்சீனின்னே சொல்லிக் கொன்னிருப்பாங்க” என்று கடையில் பேசிக்கொண்டார்கள். பள்ளியில் தலைமையாசிரியர் காலை வழிபாட்டில் இதைச் சொல்லி, அறிவியல் படிப்பதன் பயன் என்று பிள்ளைகளைக் கைதட்ட வைத்தார். நான் மேடையில் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். அக்காவே எல்லோரிடமும், “டீச்சரு போனப் புடுங்கிச் சொன்ன சொல்லுதான் எனக்க பசுவக் காப்பாத்திச்சு” என்றாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் அவளுடைய போனில் ரீசார்ஜ் ஏறவில்லை என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். அந்தச் சனிக்கிழமையின் அழைப்புகள் அதில் இருந்தன. டாக்டருக்கு அவள் பேசியது பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. அதே எண்ணுக்கு நான் பேசியது பத்து இருபத்துமூன்றுக்கு. பதினோரு நிமிடம். நான் இரண்டு மூன்று என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குக் கை கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. வகுப்பில் பாதிச் சமன்பாட்டோடு நின்றுவிடுவேன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று ரோட்டிலிருந்து திரும்பி வருவேன். புரையில் இருந்த சாக்கை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டியதை ஒரு நாளில் நாலு தடவை இழுத்துப் பார்த்தேன். தினமும் காலையில் அக்கா பால் பாத்திரத்தை வைத்துவிட்டு, “டீச்சரே, பால்!” என்று கூப்பிடும்போது, உள்ளே இருந்துகொண்டே பதில் சொல்லாமல் இருப்பேன். அவள் போன பிறகுதான் எடுப்பேன்.

கணவரிடம் சொன்னேன். “பசு பிழைச்சாச்சு. இனி எதுக்கு அதக் கிளறுகே?” என்றார். அவர் சொல்வதும் நியாயம் மாதிரித்தான் இருந்தது. ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன்.

பிறகு ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, பையைக்கூட வைக்காமல், அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் தொழுவத்தில் புல் நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். வாளியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும், சொல்லாமல் நின்றதையும், காலால் வாளியைத் தள்ளியதையும் சொன்னேன். பதினோரு நிமிடத்தையும் சொன்னேன்.

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள்.

“அப்பளே தெரியுமா?”

“தெரியும் அக்கா.”

“நான் அதுக்க கழுத்தக் கட்டிட்டு நிக்கும்போ தெரியுமா?”

“தெரியும்.”

“வாளி வச்சது கைப்பிழை. அத நான் அன்னைக்கே விட்டுட்டேன்” என்றாள். குரல் உயரவே இல்லை. “இது எதுக்கு? நான் உங்கள ஏதாவது சொல்லிருவேன்னா? ஏசிருவேன்னா? ஏசினா என்ன டீச்சரே, ரெண்டு நாளு ஏசுவேன். எனக்க பசு சாகப் போகுதுன்னு நான் அழுதுட்டு நிக்கேன், நீங்க பாத்துட்டு நின்னியளே.”

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் திரும்பவும் அரிவாளை எடுத்துப் புல்லை நறுக்கத் தொடங்கினாள். நான் திரும்பி வந்தேன்.

மறுநாள் பால் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பசுவை எங்கள் விளையில் கட்டுவதும் நின்றது. பாக்கெட் பால் வாங்கினேன். சொல்லிவிட்டால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வேறு விதமான தவிப்பு வந்தது. முன்னால் அவள் நல்லது சொல்லும்போது உள்ளே குடைந்தது. இப்போது அவள் ஒன்றும் சொல்லாமல் வேலிக்கு அந்தப் பக்கம் நடந்து போவது குடைந்தது. அவள் ஊரில் யாரிடமும் இதைச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மழையோடு விளையில் புதிய ரப்பர்க் கன்றுகள் வைத்தோம். பூசிய குற்றிகளில் பெரும்பாலானவை சுத்தமாகத்தான் இருந்தன. இரண்டு மூன்றில் காளான் முளைத்திருந்தது. யூரியா வேலை செய்ததா, வெயில் வேலை செய்ததா என்று சொல்ல எனக்கு இப்போது ஆசை இல்லை. கீழ்மூலையில் மட்டும், ரப்பருக்கென்று சொல்லப்பட்ட மருந்தைக் கேட்டு வாங்கி, தாளை மேலிருந்து கீழ்வரை படித்து, வேலைக்கு வந்தவரிடமும் வாசித்துக் காட்டி ஊற்ற வைத்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு மாலை அக்கா வாசலில் வந்து நின்றாள். கையில் மாட்டுத்தீவனச் சாக்கிலிருந்து கத்தரித்த துண்டு. கடையில் புது வகைத் தீவனம் வந்திருக்கிறதாம். பால் கூடும் என்று கொடுத்திருக்கிறார்கள்.

“இதுல அது உண்டுமா, பாருங்க” என்றாள். யூரியா என்ற சொல்லை அவள் சொல்லவில்லை.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். உண்டு. நூற்றில் ஒரு பங்கு போல. “உண்டும் அக்கா. கொஞ்சம் போலத்தான் சேத்திருக்கு. மாட்டுத்தீவனத்துல அந்த அளவு சேக்கது உண்டும்னு கேட்டிருக்கேன். ஆனா நான் பசு வளத்தவ இல்ல, எனக்கு இதுல தெரிஞ்சது கம்மி. டாக்டர்கிட்ட கேக்காம குடுக்காண்டாம்” என்று சொல்லி, அவள் முன்னாலேயே டாக்டரைக் கூப்பிட்டுப் போனை அவளிடம் கொடுத்தேன். கன்றுக்குட்டிக்குக் கூடாது, பசுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் கொடுக்கலாம், கரைத்து வைத்துக் குடிக்க விடக்கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டது.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். “வேண்டாம். பழைய தவிடும் பிண்ணாக்கும் போரும்” என்றாள். போகும்போது, பசு கன்று போடுமுன் தொழுவத்துக்கு மேல் ஓலை மாற்ற வேண்டும், ஓலை இருந்தால் இருபது எண்ணம் வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து போடுகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓலை சுமந்து கொண்டுபோய்ப் போட்டேன். அவள் ஏணியில் ஏறிக் கட்ட, நான் கீழிருந்து ஒவ்வொன்றாக நீட்டினேன். பசு வயிறு கனத்து அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. நாங்கள் ஓலையைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. கடைசி ஓலை ஏறியதும் அவள் இறங்கி வந்து, செம்பில் வெள்ளம் மொண்டு என் கையில் ஊற்றினாள். காப்பி தரட்டுமா என்று கேட்கவில்லை. நானும் உட்காரவில்லை.